காப்பு மூடியைக் கழற்றியது யார்?

கேள்வி: நாற்பது பேர் சந்தா கட்டி நடத்தும் பொதுப் பட்டறை ஒன்றில் நானும் உறுப்பினர். எல்லோரிடமும் சாவி உண்டு. சென்ற மாதம் ஒருவர் மேசை ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பலகை திரும்பிப் பாய்ந்து அவருடைய வயிற்றில் அடித்துவிட்டது. பிறகு பார்த்தால், பிளேடின் மேலிருக்கும் காப்பு மூடியும் அதன் பின்னால் நிற்கும் தகடும் கழற்றப்பட்டிருந்தன. யார் கழற்றினார் என்று இன்றுவரை தெரியவில்லை. "பார்க்காமல் ரம்பத்தைப் போட்டது அவர் தவறு" என்கிறார்கள் சிலர். "ரம்பத்தையே விற்றுவிடலாம்" என்கிறார்கள் வேறு சிலர். மூடி இல்லாததை நான் இரண்டு நாள் முன்பே பார்த்தேன். யாரோ வேலைக்காகக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துப் போய்விட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் தச்சு வேலை கற்றுத்தந்த மூத்தவரே மூடி இல்லாமல்தான் அறுப்பார். அவரிடம் யார் சொல்வது? நடந்ததற்கு யார் பொறுப்பு?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அடிபட்ட நண்பரைப் பற்றிக் கேட்கிறேன். அவர் மருத்துவரிடம் போனாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வயிற்றில் பலமாக அடிபட்டால் வெளியே கன்றிப்போனது மட்டும்தான் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருப்பது சில மணி நேரம், சில வேளை சில நாள் கழித்துக்கூட வெளிப்படும். வலி கூடினாலோ தலைசுற்றல், வாந்தி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டதால் பெரும்பாலும் ஆபத்து கடந்திருக்கும். ஆனாலும் இனி உங்கள் பட்டறையில் பலகை யார் மீது பாய்ந்தாலும், "ஒன்றுமில்லை" என்று அவரே சொன்னாலும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

அடுத்து, அந்தப் பலகை ஏன் பாய்ந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் பொறுப்பைப் பற்றிப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

மேசை ரம்பங்களில் பரவலாக இருப்பது 254 மில்லிமீட்டர் பிளேடு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கும், அதனால் தொந்தரவு இல்லை. சிக்கல் பின்பக்கப் பற்களில். அவை மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் அவற்றைத் தொட்டால் தூக்கப்படுகிறது, தூக்கப்பட்டதும் பிளேடின் தலைக்கு மேலாக உங்களை நோக்கி எறியப்படுகிறது. அந்த வேகத்துக்கு எந்த மனிதனாலும் ஒதுங்க முடியாது. பலகை பாயும்போது அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடின் பக்கமே போய்விடும் ஆபத்தும் உண்டு. உங்கள் நண்பருக்கு விரல்கள் பத்தும் இருக்கின்றன என்றால் அது பெரிய அதிர்ஷ்டம்.

மரம் ஏன் பின்பற்களைத் தொடுகிறது? பலகை நேராக நகர அதன் பக்கவாட்டில் நிற்கும் வழிகாட்டியை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கலாம். அல்லது மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் அறுத்ததும் விடுபட்டு, அறுத்த வாய் மூடிக்கொண்டிருக்கலாம். பிளேடுக்குப் பின்னால் அந்தத் தகடு நிற்பது இதற்காகத்தான். அது அறுத்த வாயைத் திறந்தே வைத்திருக்கும், மரத்தைப் பின்பற்களின் பக்கம் அண்டவிடாது. மேல்மூடி கையைக் காக்கிறது. பலகை பாயாமல் காப்பது தகடு. உங்கள் கூட்டத்தில் எல்லோரும் மூடியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இந்த விபத்தில் முதலில் கேட்க வேண்டியது தகடு ஏன் இல்லை என்பதுதான்.

நான் தொழிற்சாலைப் பட்டறைகளில் பாதுகாப்புப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன். தகட்டைக் கழற்றியவர்கள் பெரும்பாலும் பொறுப்பற்றவர்கள் அல்லர் என்பது என் அனுபவம். அவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, காடி வெட்டுவது. பலகையை முழுதாக அறுக்காமல் பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டும்போது, பிளேடைவிட உயரமாக நிற்கும் தகடு மரத்தில் முட்டும். பழைய ரம்பங்களில் மூடியும் தகடும் ஒரே அமைப்பாக இருக்கும். காடி வெட்ட வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றியே ஆக வேண்டும். புதிய ரம்பங்களில் தகடு பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக, பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும். காடி வெட்டும்போதும் அதைக் கழற்ற வேண்டியதில்லை, மூடியை மட்டும் எடுத்தால் போதும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பழைய வகை என்றால், அந்த மாடலுக்குப் புதிய வகைத் தகடு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது, பொதுப் பட்டறைகளில்தான் இது அதிகம். தகட்டின் தடிமன் பிளேடின் உடலைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், பற்கள் வெட்டும் வாயின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒருவர் மரம் வீணாகாமல் இருக்கட்டும் என்று மெல்லிய பிளேடைக் கொண்டுவந்து மாட்டுகிறார். இப்போது அறுத்த வாய் தகட்டைவிடக் குறுகிவிட்டது. அடுத்து வருபவர் பலகையைத் தள்ளுகிறார், பாதியில் தகட்டில் சிக்கி நிற்கிறது. தகடு கோணலாக இருக்கிறது என்று நினைத்து அதைக் கழற்றுகிறார். மூன்றாவதாக வந்தவர் உங்கள் நண்பர். இதில் யாரைக் குற்றவாளி என்பீர்கள்? பிளேடு மாற்றியவருக்குத் தகட்டைப் பற்றித் தெரியாது. தகட்டைக் கழற்றியவருக்குப் பிளேடைப் பற்றித் தெரியாது. உங்கள் பட்டறையில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது மாட்டியிருக்கும் பிளேடின் உடல் தடிமனையும் பற்களின் அகலத்தையும் ஒரு கேலிப்பரால் அளந்து, தகட்டின் மேல் பொறித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல தகடுகளில் அந்த அளவு எழுதியே இருக்கும்.

இப்போது உங்கள் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பார்த்தும் சொல்லாமல் போனீர்கள். 1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறைக்குள் ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கூடவே இரண்டு பேர் புகையைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தபோது, தகவல் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை என்றால் ஆபத்து இருக்காது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. நாற்பது பேர் வந்துபோகும் பட்டறையில் மூடி இல்லாத ரம்பத்தைப் பார்த்த உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளில் இன்னும் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்? அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் பார்த்தேன், சொல்லவில்லை" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். இரண்டாவது கை, மூன்றாவது கை உயரும் என்று நினைக்கிறேன். அது உயர்ந்த பிறகுதான் "யார் கழற்றினார்" என்ற கேள்வியைத் தாண்டி உங்கள் பட்டறை நகரும். அடிபட்டவரிடம் மட்டும் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் நடுவில் அவர் அதை முதன்முறையாகக் கேட்கக் கூடாது.

யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். "பாதுகாப்பு எல்லோருடைய பொறுப்பு" என்று சுவரில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எல்லோருடைய பொறுப்பு என்று எழுதிவிட்டால் யாருக்கும் வேலை இல்லை. பொறுப்புக்கு ஒரு பெயரும் ஒரு நேரமும் வேண்டும். ரம்பத்தின் பிளக்கைச் செருகிய நிமிடம் முதல் அதைப் பிடுங்கும் வரை அந்த இயந்திரம் உங்களுடையது. மூடியைக் கழற்றும் தேவை உங்களுடையது என்றால், திரும்ப மாட்டும் வேலையும் உங்களுடையதே. "நாளைக்கும் காடி வெட்ட வேண்டியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்" என்பது பொதுப் பட்டறையில் செல்லாது. திரும்ப மாட்டுவது எளிதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடி ஏதோ அலமாரியிலும் அதற்கான ஸ்பேனர் வேறு பெட்டியிலும் கிடந்தால் மிக நல்லவர்கூட மாட்டாமல் போவார். ரம்பத்துக்கு அருகில் சுவரில் மூடியின் வடிவத்தை வண்ணத்தில் வரைந்து, அதன் மேல் ஓர் ஆணியும் பக்கத்தில் சங்கிலியில் கட்டிய ஸ்பேனரும் வையுங்கள். கழற்றிய மூடி அங்கேதான் தொங்க வேண்டும்.

அதோடு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பராமரிப்பாளர் பெயரை அதன் மேலேயே ஒட்டுங்கள். குழு வேண்டாம், ஒரே பெயர் போதும். ஒரு கற்றை சிவப்பு அட்டையும் வாங்கி வையுங்கள். எந்த உறுப்பினரும், நேற்றுச் சேர்ந்தவர்கூட, சந்தேகம் தோன்றினால் பிளக்கைப் பிடுங்கி அதில் அட்டையைக் கட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். அதை அவிழ்ப்பது பராமரிப்பாளர் மட்டும். தொழிற்சாலைகளில் பழுது பார்ப்பவர் மின்சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். அமெரிக்காவில் 1989-இல் விதியாகவே வந்த முறை அது. சிறு பட்டறைக்கும் அதே கொள்கைதான். பிளக்கை உள்ளே வைத்துப் பூட்டும் சிறிய பெட்டிகள் கிடைக்கின்றன, சிவப்பு அட்டையோடு அதையும் பயன்படுத்துங்கள். இந்த அட்டை இருந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்கும் யாரிடம் போய்ச் சொல்வது என்ற தயக்கம் வந்திருக்காது.

"பார்க்காமல் போட்டது அவர் தவறு" என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சொந்த இயந்திரம் என்றால் நேற்று அதை எப்படி விட்டோம் என்று தெரியும். பொது இயந்திரத்தை முன்னால் பயன்படுத்தியவர் பிளேடைச் சாய்த்து விட்டிருக்கலாம், வழிகாட்டியைத் தளர்த்தி விட்டிருக்கலாம், துளையிடும் இயந்திரத்தில் துளையூசியை இறுக்கும் சக் சாவியைக் குத்தியபடியே விட்டிருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் அந்தச் சாவி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தொடங்கும் முன் பிளக் வெளியே இருக்க, பிளேடைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தகடு இருக்கிறதா, பிளேடு நேராக நிற்கிறதா, மரத்துக்கு மேல் ஒரு பல் உயரத்துக்குத்தான் எழுந்திருக்கிறதா, வழிகாட்டி இறுகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ள உதவும் தள்ளுகட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அறுக்கும்போது பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். பாய்ந்தாலும் பலகை பெரும்பாலும் உங்களைத் தாண்டிப் போகும். இவ்வளவும் அரை நிமிட வேலை. ஆனால் மீதிப் பாதியை அவர்கள் மறந்துவிட்டார்கள். மூடி இல்லாத ரம்பத்தையே பார்த்துப் பழகிய ஒரு புதியவருக்கு, மூடி இல்லாதது குறையாகத் தெரியாது. அவருடைய கண்ணைப் பழக்கியது உங்கள் பட்டறை.

ரம்பத்தை விற்பதற்கு நான் உடன்பட மாட்டேன். விற்றால் அறுக்கும் தேவை போய்விடுமா? கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி யாராவது அறுக்கத் தொடங்குவார்கள். மேசை ரம்பத்தைவிட ஆபத்தானது அது. 100 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பிளேடு மரத்தில் சிக்கினால் கருவியே கையை விட்டுத் துள்ளும், அதைத் தடுக்கப் பின்னால் தகடும் கிடையாது. பல் பிளேடு கிரைண்டரில் கூடாது என்று உங்கள் பட்டறையில் இன்றே தடை போடுங்கள். சிறிய கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாட்டுவதற்கும் அதே தடை. டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று, கிரைண்டரின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அது வெடித்துச் சிதறலாம். கீழே விழுந்த டிஸ்க்கையும் காலாவதித் தேதி கடந்த டிஸ்க்கையும் உடைத்துக் குப்பையில் போடுங்கள். அப்படியே வைத்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

விரல் பட்டதும் ஏறத்தாழ 5 மில்லிநொடியில் பிளேடை நிறுத்திவிடும் ரம்பங்களும் இருக்கின்றன. சா ஸ்டாப் என்ற நிறுவனம் கொண்டுவந்த தொழில்நுட்பம் அது. பிளேடில் ஓடும் சிறு மின்சைகை, தோல் தொட்டதும் மாறுவதை உணர்ந்து ஓர் அலுமினியக் கட்டையைப் பிளேடுக்குள் பாய்ச்சும். பணம் இருந்தால் வாங்குங்கள், நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் அது பலகை பாய்வதைத் தடுக்காது. உங்கள் நண்பருக்கு நேர்ந்தது அந்த ரம்பத்திலும் தகடு இல்லாவிட்டால் நேரும்.

இனி மூத்தவர். உங்கள் கடிதத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். கூட்டத்தில் வைத்து அவரைச் சொல்லாதீர்கள். கற்றுக்கொடுத்தவர், எல்லோர் முன்னிலும் குறுகி நிற்க வேண்டியதில்லை. அவரோடு நெருக்கமாகப் பழகும் ஒருவர், வயதில் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் நல்லது, தனியாகப் போய்ப் பேசட்டும். முதலில் அவர் ஏன் மூடியைக் கழற்றுகிறார் என்று கேளுங்கள். குறி தெரியவில்லை என்பார், அல்லது ஒல்லியான சட்டம் அறுக்கும்போது தள்ளுகட்டை மூடியில் இடிக்கிறது என்பார். இரண்டும் நியாயமான குறைகள்தான். முதலாவதற்கு ஒளி ஊடுருவும் மூடி இருக்கிறது. இரண்டாவதற்கு, சட்டத்தின் மேல் உட்கார்ந்து அதோடு சேர்ந்து நகரும் அகலமான தள்ளுகட்டையை அவராலேயே உங்கள் யாரையும்விட நன்றாகச் செய்துதர முடியும். அதற்காக மூடியை எடுக்க நேர்ந்தாலும் தகடு நிற்க வேண்டும். பிறகு இதைச் சொல்லலாம்: "ஐயா, உங்கள் கை ஆபத்து எங்கே என்று அறிந்த கை. ஆனால் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தக் கை இல்லை. மூடி இல்லாத ரம்பம் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறது."

பெரும்பாலும் இது போதும். போதாவிட்டால்? அப்போது தயங்கக் கூடாது. விதி அவருக்கும் உண்டு. தகட்டை மாட்டும்வரை அவரும் அந்த ரம்பத்தைத் தொட முடியாது என்று குழு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் அறுப்பவரின் அனுபவத்தைப் பார்த்து விடுபடுவதில்லை. நீண்ட அனுபவமுள்ளவர்களும் விரலை இழந்ததை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

எல்லோரிடமும் சாவி இருப்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் ஒரு மாணவி இரவில் தனியாக லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், வேலை செய்துகொண்டிருந்தார். தலைமுடி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். படிப்பில் சிறந்தவர், அந்தப் பட்டறைக்குப் புதியவரும் அல்லர். அதன் பிறகு பல்கலைக்கழகம் மாணவர்கள் இயந்திரங்களைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைத்து மேற்பார்வையாளர்களை வைத்தது. உங்கள் விதி சுருக்கமாக இருக்கட்டும்: சுழலும் எந்த இயந்திரத்தையும் ஓட்ட, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். உளியும் இழைப்புளியும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தனியாக வேலை செய்யட்டும், தடையில்லை. லேத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் கையுறை கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கையுறை பாதுகாப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். சுழலும் தண்டு கையுறையின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும். நீண்ட முடியைக் கட்ட வேண்டும், தொங்கும் சட்டைக் கையை மடிக்க வேண்டும்.

கூட்டத்தில் அபராதம் போடும் யோசனை வந்தால் எதிர்த்து நில்லுங்கள். "பலகை லேசாகத் துள்ளியது, ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் வந்து சொல்வதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக மலிவான எச்சரிக்கை. அதற்குத் தண்டம் வைத்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னவருக்கு நன்றி சொல்லி, ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். தெரிந்தே, சொன்ன பிறகும் மீறுபவர் கதை வேறு. அவருக்கு அந்த இயந்திரம் கிடையாது. "என் பொறுப்பிலேயே வேலை செய்கிறேன்" என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பதாக இருந்தால், அது எவ்வளவு செல்லும் என்பது ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் மாறும். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது, அதற்கென்றே உள்ள சுவிட்சைப் பொருத்துங்கள். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் வேண்டும். 100 டெசிபெல் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான், பல ரம்பங்கள் அந்த அளவைத் தொடும். எனவே காது மூடி கட்டாயம். இரும்பு அரைக்கும் இடமும் மரத்தூள் சேரும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு பொறி தூள் குவியலுக்குள் மணிக்கணக்கில் கனன்றுவிட்டு, நீங்கள் பூட்டிப் போன பிறகு பற்றும். முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம் நாற்பது பேருக்கும் தெரிய வேண்டும். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது.

கழற்றிய மூடியும் தகடும் கிடைத்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைத்திருந்தால், அவற்றைப் பிளேடோடு ஒரே நேர்கோட்டில் பொருத்தித்தரும்படி மூத்தவரையே கேளுங்கள், புதியவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கான உதிரிபாகத்தையே தயாரிப்பாளரிடம் வரவழையுங்கள். இரும்புத் தகட்டை வெட்டி நீங்களே செய்துகொள்ள வேண்டாம், தடிமன் சரியாக அமையாது. அது வந்து சேரும்வரை ரம்பத்தின் பிளக் வெளியே இருக்கட்டும். முதல் சிவப்பு அட்டையை நீங்களே எழுதிக் கட்டுங்கள்.